புக்கிங் முதல் சாவி வரை: கார் ஆர்டரும் காத்திருப்பும், மதுரை ஷோரூம்களுக்கான முழு வழிகாட்டி

ஷோரூமுக்கு வருபவர் முதலில் விலை கேட்பார், அடுத்து "வண்டி எப்போ வரும்?" என்பார். விலை அச்சடித்த தாளில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதிலோ பெரும்பாலும் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததுதான்: "ஒரு மாசத்துல வந்துரும் சார்." அந்த ஒரு மாதத்துக்குப் பின்னால் கணக்கு எதுவும் இருப்பதில்லை. வாடிக்கையாளரோ அதை நம்பி பழைய காரை விற்றிருப்பார், நல்ல நாள் பார்த்திருப்பார், சொந்தக்காரர்களுக்கும் சொல்லியிருப்பார்.

காத்திருப்புக் காலத்தைக் கணக்குப் போட்டே சொல்ல முடியும். ஒரு ஷீட்டும், அதை வாரம் தவறாமல் திருத்தும் ஒரு ஆளும் இருந்தால் போதும். ஆர்டர் டெஸ்க்கில் புதிதாக உட்காருபவருக்கும், புக்கிங் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கும் பயன்படும்படி வேலையை வரிசையாகத் தருகிறோம்.

கம்பெனிக்கு ஆர்டர் போவது எப்படி

முன்பணம் கட்டியதும் ஃபேக்டரியில் தன் பேரில் ஒரு கார் தயாராகத் தொடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சில மாடல்களுக்கு வாடிக்கையாளர் பேரோடு கம்பெனியே வரிசையை வைத்திருக்கும், டீலர் அதில் கை வைக்க முடியாது. மற்றவற்றில் நடப்பது வேறு. டீலர் மாதாமாதம் தன் தேவையைக் கேட்கிறார். கம்பெனி அந்த மாத உற்பத்தியை மண்டலவாரியாகப் பிரித்து, டீலருக்கு ஒரு பங்கை ஒதுக்குகிறது. இதுதான் அலாட்மென்ட். ஒதுக்கிய வண்டிகளைக் கம்பெனி டீலர் பேரில் பில் போடுகிறது, டீலரின் வங்கிக் கடன் வரம்பிலிருந்து பணம் போகிறது. வட்டி இல்லாத நாட்கள் சில கிடைக்கலாம். அவை முடிந்த பிறகு வண்டி யார்டில் (டீலர் வண்டி நிறுத்தும் இடம்) நின்றாலும் லாரியில் வந்துகொண்டிருந்தாலும் வட்டி ஓடும்.

10 லட்ச ரூபாய் வண்டிக்கு ஆண்டுக்கு 9% வட்டி என்றால் நாளொன்றுக்கு ₹247. யார்டில் 60 வண்டி நின்றால் நாளுக்கு ஏறத்தாழ ₹14,800. டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா, கையிருப்பு 21 நாள் விற்பனைக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லிவருவது இதனால்தான். 2024 செப்டம்பரில் நாடு முழுக்கக் கையிருப்பு 80 நாளைத் தாண்டியது. தேவையில்லாத வண்டிகள் இப்படி யார்டை அடைத்துக்கொண்டால், தேவையான வண்டியை வாங்க வங்கி வரம்பில் இடம் இருக்காது. காத்திருப்பு நீளுவதற்கு வெளியே தெரியாத காரணங்களில் இது பெரியது.

முதல் வேலை: புக்கிங்கைச் சரியாக எழுதுவது

தவறுகளில் பாதி இங்கேயே பிறக்கின்றன. மாடல் பெயரும் முன்பணமும் மட்டும் எழுதிய புக்கிங்கை வைத்துக்கொண்டு ஆர்டர் போட முடியாது. கீழே உள்ளவை அன்றே பதிவாக வேண்டும்:

- வேரியன்ட், எரிபொருள், கியர் வகை, வெளி நிறம், உள் நிறம். ஒரே வேரியன்டில் வெள்ளைக்கு 3 வாரமும், கருப்புக்கு 4 மாதமும் ஆகலாம்.
- இரண்டாவது, மூன்றாவது நிறத் தேர்வு. "வேற கலர் வேண்டாம்" என்றால் அதையும் எழுதுங்கள்.
- கடனா, கைப்பணமா. கடன் என்றால் எந்த வங்கி, பரிசீலனை எந்த அளவில் நிற்கிறது.
- பழைய காரை மாற்றுகிறாரா, அது யார் பேரில் இருக்கிறது.
- யார் பேரில் பதிவு, எந்த ஆர்டிஓ. மதுரையில் டிஎன் 58 தெற்கு, டிஎன் 59 வடக்கு, டிஎன் 64 மத்தி. திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் முகவரிக்காரர்களும் மதுரைக்கு வந்து வாங்குவதால் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது.
- ஃபேன்ஸி நம்பர் வேண்டுமா.
- சொந்த உபயோகமா, டாக்ஸியா.
- எந்தத் தேதிக்குள் வேண்டும், ஏன்.

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அதன் பதிலை வைத்துத்தான் வண்டி ஒதுக்குவதில் பாதி முடிவுகள் எடுக்கிறோம். ராமேஸ்வரம், கொடைக்கானல் டிராவல்ஸ் ஓட்டுபவருக்குக் கார்த்திகை முதல் தேதிக்குள் வண்டி கையில் இருக்க வேண்டும். சபரிமலை சீசனைத் தவறவிட்டால் அவருக்கு அந்த ஆண்டின் நல்ல வருமானம் போயிற்று. டாக்ஸி பதிவுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜிபிஎஸ் கருவி, பர்மிட் என்று கூடுதல் நாட்கள் வேறு ஆகும். அவருடைய வண்டி ஐப்பசி நடுவிலேயே யார்டுக்கு வந்தாக வேண்டும்.

இரண்டாவது: வரிசையைச் சலிப்பது

முன்பணம் ₹11,000, ₹21,000 என்று குறைவாக இருப்பதால் ஒரே ஆள் இரண்டு மூன்று ஷோரூமில் போட்டு வைப்பார். எது முந்துகிறதோ அதை எடுப்பார், மற்றதை ரத்து செய்ய மறந்துவிடுவார். 2022 ஜூலை 30 அன்று மஹிந்திரா ஸ்கார்பியோ என் வண்டிக்கு 30 நிமிடத்தில் 1 லட்சம் புக்கிங் வந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் எல்லோருமே வாங்கி முடிப்பவர்கள் இல்லை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதனால் 15 நாளுக்கு ஒருமுறை வரிசையில் உள்ள எல்லோரையும் கூப்பிட வேண்டும். கேட்க வேண்டியவை மூன்றே: வண்டி இன்னும் வேண்டுமா, நிறம் அதேதானா, பணம் தயாரா. இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காதவருக்கு எழுத்தில் செய்தி அனுப்பி, ஒரு வாரம் கழித்து 'உறுதியில்லை' என்று தனிப் பட்டியலில் வையுங்கள். பெயரை அழிக்காதீர்கள். அவர் திரும்பி வந்தால் பழைய தேதியைக் காட்டிச் சண்டை போடுவார், அப்போது கையில் பதிவு இருக்க வேண்டும்.

வேண்டாம் என்றவருக்கு முன்பணத்தை உடனே திருப்பிக் கொடுங்கள். கழிக்கும் தொகை ஏதாவது இருந்தால் அது புக்கிங் படிவத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும். பணத்தை இழுத்தடித்தால் பெயரும் கெடும், ரத்தான புக்கிங்குகள் வரிசையில் கிடந்து கணக்கும் பொய்யாகும்.

மூன்றாவது: காத்திருப்பைக் கணக்கிடுவது

வேரியன்டும் நிறமும் சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடுங்கள். ஒரு எடுத்துக்காட்டு:

டீசல், ஆட்டோமேட்டிக், கருப்பு. புக்கிங் 42. சலித்துப் பார்த்த அனுபவத்தில் 100-க்கு 20 பேர் விலகுகிறார்கள் என்றால் உண்மையான வரிசை 34. கடந்த 3 மாதத்தில் இந்த வரிக்கு வந்த வண்டிகள் 9, 5, 7. சராசரி 7. 34-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 மாதம். மோசமான மாதத்தை வைத்து 5-ஆல் வகுத்தால் 7 மாதம். இன்று புதிதாகப் போடுபவரிடம் சொல்ல வேண்டியது "5-லிருந்து 7 மாசம்". நல்ல மாதத்தை வைத்து 9-ஆல் வகுத்தால் வரும் 4 மாதத்தைச் சொல்லவே கூடாது. சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் மனதுக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் எல்லா மாதமும் 9 வண்டி வந்தால்தான் அது பலிக்கும்.

இதோடு லாரிப் பயணம், பிடிஐ (டெலிவரிக்கு முந்தைய சோதனை), பதிவு ஆகியவற்றுக்கான நாட்களைக் கூட்டுங்கள். ஒவ்வொரு அலாட்மென்டுக்குப் பிறகும் கணக்கை மறுபடி போட வேண்டும்.

கணக்கைக் கவிழ்க்கும் சில விஷயங்கள் டீலர் கையில் இல்லை. 2021, 2022-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது டாப் வேரியன்ட்கள்தான் அதிகம் அடிபட்டன, அவற்றில்தானே மின்னணுப் பாகம் அதிகம். 2023 ஏப்ரலில் டொயோட்டா, இன்னோவா ஹைகிராஸின் மேல்நிலை வேரியன்ட்களுக்குப் புக்கிங்கையே நிறுத்தியது. இப்படி நேரும்போது வாடிக்கையாளருக்கு அன்றே விஷயம் போய்ச் சேர வேண்டும், அதுவும் ஷோரூம் வாயிலாக. செய்தியில் பார்த்துவிட்டு அவரே கூப்பிடும் நிலை வந்தால், அடுத்து நீங்கள் சொல்லும் தேதியை அவர் நம்பமாட்டார்.

நான்காவது: மாத ஆர்டர்

கம்பெனியின் ஏரியா மேனேஜரிடம் பேசும்போது கையில் ஷீட் இருக்க வேண்டும். "டிமாண்ட் அதிகம் சார், வண்டி கொடுங்க" என்றால் எடுபடாது. "இந்த வேரியன்ட், இந்த நிறம், பணத்தோடு தயாரான புக்கிங் 14, முதல் புக்கிங் போட்டு 130 நாள் ஆகிறது" என்றால் பேச்சு மாறும். கேட்கிற வண்டியோடு, போகாத வண்டி சிலவற்றையும் எடுக்கச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். மறுக்கவே முடியாத இடத்தில், எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் வட்டிக் கணக்கை எழுதி வையுங்கள். 10 லட்ச ரூபாய் வண்டி 75 நாள் நின்றால் ஏறத்தாழ ₹18,500 போகும். அந்தத் தொகையைத் தள்ளுபடியாக முதல் வாரத்திலேயே கொடுத்து விற்றுவிடுவது பல நேரம் லாபம்.

ஆர்டரில் நிறம் சொல்வதிலும் கவனம் வேண்டும். மதுரை வெயிலுக்கு வெள்ளையும் வெள்ளியும் எப்போதும் போகும் என்ற நம்பிக்கையில் அவற்றையே குவித்தால், அடர் நிறம் கேட்பவர் வரிசை நீண்டுகொண்டே இருக்கும். கடந்த 6 மாத விற்பனையைப் பார்த்து ஆர்டர் போடுவதைவிட, இன்றைய புக்கிங் வரிசையைப் பார்த்துப் போடுவது சரி. போன மாதங்களில் எது கிடைத்ததோ அதுதான் விற்றிருக்கும்.

ஐந்தாவது: வழியில் வரும் வண்டி

பில் போட்ட நாளும் வண்டி வந்து சேரும் நாளும் ஒன்றல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஹூண்டாய், ஒரகடத்தில் தயாராகும் ரெனோ, நிஸான் வண்டிகளுக்குத் தூரம் 450 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஒரு கேரியரில் 6 முதல் 8 கார் ஏற்றுவார்கள், லோடு சேரும்வரை அது கிளம்பாது. ஒரு இரவில் வரக்கூடிய வண்டிக்கு 3, 4 நாள் ஆவது சாதாரணம். டொயோட்டா பெங்களூரு அருகே பிடதியிலிருந்தும், கியா ஆந்திராவின் பெனுகொண்டாவிலிருந்தும் வருகின்றன. மாருதியின் ஹரியானா ஆலைகளிலிருந்து மதுரைக்கு 2,500 கிலோமீட்டருக்கும் மேல். 10 நாளைக் கணக்கில் வைப்பதே பத்திரம்.

மாதக் கடைசி வாரத்தில் எல்லாக் கம்பெனியும் பில்லிங்கை அள்ளிப் போடும், கேரியர் லாரி கிடைக்காது. 28-ம் தேதி பில்லான வடநாட்டு வண்டியை 5-ம் தேதி தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

லாரி வந்ததும் செய்ய வேண்டியதில் அவசரம் கூடாது. இரவில் வந்தால் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், காலையில் இறக்கச் சொல்லுங்கள். முன் பம்பரின் அடி உதடு, சக்கர விளிம்பு, கதவு ஓரம், கூரை, கண்ணாடி, கட்டும் கொக்கி பட்ட அடிப்பாகம், இவைதான் அடிபடும் இடங்கள். சிராய்ப்பு இருந்தால் டிரைவர் முன்னிலையில் படம் எடுத்து, எல்ஆர் (லாரி ரசீது) தாளில் எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சுத்தமான எல்ஆரில் கையெழுத்துப் போட்ட பிறகு இழப்பீடு கேட்டால் கிடைப்பது கஷ்டம். இரண்டு சாவி, ஸ்பேர் வீல், ஜாக்கி, டூல் கிட், முக்கோணம், முதலுதவிப் பெட்டி, கையேடு எல்லாம் எண்ணி வாங்குங்கள்.

ஆறாவது: யார்டில் கெடாமல் வைப்பது

ரிங் ரோட்டை ஒட்டிய யார்டுகளில் பல, வயலுக்கும் கண்மாய்க்கும் அருகில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் மூலை எது என்று முன்பே பார்த்து, அங்கே வண்டி நிறுத்தாதீர்கள். அறுவடை முடிந்ததும் எலி யார்டுக்குள் வரும். பானெட்டைத் திறந்தால் வயர் உறை கடிபட்டிருக்கும், ஏர் ஃபில்டர் பெட்டியில் வைக்கோல் கிடக்கும். வாரம் ஒருமுறை பானெட் திறந்து பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை. மரத்தடி நிழல் என்று நிறுத்தினால் பறவை எச்சம் வெயிலில் காய்ந்து பெயின்டில் தடம் விழும்.

பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். 12.2-ல் பாதிதான் மிச்சம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியைச் சில அடி நகர்த்தினால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. ஒவ்வொரு வண்டிக்கும் கண்ணாடியில் ஒரு அட்டை: வந்த தேதி, கடைசியாக நகர்த்திய தேதி, வோல்ட்.

யார்டு ஷீட்டில் வயதுப்படி 30, 60, 90 நாள் என்று பிரித்து வையுங்கள். முதலில் வந்த வண்டி முதலில் போக வேண்டும். யார்டில் வெளியே எடுக்க வசதியாக முன்வரிசையில் நிற்பதையே ஒதுக்கினால், பின்வரிசை வண்டி 5 மாதம் கிடந்து, தயாரித்த மாதத்தைப் பார்த்து வாடிக்கையாளர் மறுப்பார்.

ஏழாவது: நம் ஊர் நாட்காட்டி

ஆடியில் டெலிவரி எடுக்க மாட்டார்கள், ஆனால் சலுகைக்காகப் புக்கிங் போடுவார்கள். ஆகவே ஆடியில் ஸ்டாக் குறைத்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வந்து சேரும்படி ஆர்டர் போட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் நாட்களில் அழகர்கோவில் ரோடு, தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் கேரியர் நுழைய முடியாது. அந்த வாரத்து வண்டிகளை முன்கூட்டியே நகருக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆயுத பூஜைதான் பெரிய பரீட்சை. அன்றைக்கு 40 டெலிவரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிடிஐ மெக்கானிக் நாளுக்கு 4 வண்டி பார்ப்பார், 2 பேர் இருந்தால் 8. ஆக 5 நாள் முன்பே தொடங்க வேண்டும். ஆயுத பூஜையும் விஜயதசமியும் அரசு விடுமுறை, பதிவு எண் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே வந்திருக்க வேண்டும். எண் இல்லாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். நல்ல நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், 20 குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ராகு காலம், எமகண்டம் தவிர்த்து அரை மணி அரை மணியாகப் பிரித்து, ஒரு வாரம் முன்பே நேரத்தை எழுதிக் கொடுங்கள். பாண்டி கோயிலுக்குப் போய் எலுமிச்சை வைத்து வண்டி எடுப்பவர்கள் அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள்.

மார்கழி சிக்கல் தனி ரகம். டிசம்பரில் தயாரான வண்டி மார்கழியில் வந்து நிற்கும். எடுக்க வேண்டியவர் தை பிறக்கட்டும் என்பார். தை பிறந்ததும் "புது வருஷத் தயாரிப்பு வேணும்" என்பார், மறுவிற்பனை விலை தயாரித்த ஆண்டைப் பார்ப்பதால் அது நியாயமான ஆசை. எனவே நவம்பரிலேயே ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குங்கள்: டிசம்பர் தயாரிப்பு சலுகையோடு, அல்லது ஜனவரித் தயாரிப்பு புது விலையில். சேஸிஸ் நம்பரின் 17 எழுத்துகளுக்குள் ஆண்டு, மாதக் குறியீடு இருக்கிறது, இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் ஆண்டும் நேராகவே இருக்கும். அதை மறைத்து விற்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது ஒழிய வேண்டும்.

எட்டாவது: காத்திருக்கும்போது மாறும் பணம்

புக்கிங் அன்று போட்ட கொட்டேஷன் விலை நிலையானதல்ல. பில் போடும் நாள் விலைதான் செல்லும், புக்கிங் படிவத்தில் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்தபோது காத்திருந்தவர்களுக்கு லாபம் வந்தது. ஜனவரி விலையேற்றத்தில் அதே விதி எதிராகத் திரும்பும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரி விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%. வரி கணக்கிடும் மதிப்பு 9,90,000 என்றால் வரி ₹1,28,700. விலை 20,000 கூடி 10,10,000 ஆனால் வரி ₹1,81,800. ஏற்றம் 20,000 தான், வரியில் மட்டும் ₹53,100 கூடிவிட்டது. 10 லட்சத்துக்கு மேல் 1% டிசிஎஸ் (விற்கும்போதே டீலர் வசூலிக்கும் வருமான வரி) வேறு உண்டு. அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். எல்லையை ஒட்டிய வேரியன்ட் எடுப்பவர்களுக்கு இதைப் புக்கிங் அன்றே போட்டுக் காட்டாவிட்டால், கடைசி நாளில் பணம் பற்றாமல் நிற்பார்கள்.

வங்கியின் கடன் அனுமதிக்கும் காலக்கெடு உண்டு. 5 மாத வரிசையில் இருப்பவர் முதல் மாதமே அனுமதி வாங்கினால், வண்டி வரும்போது அது காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். வரிசையில் முன்னால் 5 பேர் இருக்கும்போது வங்கி வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பழைய கார் மதிப்பீடும் அப்படித்தான், வாங்கும் வாரத்தில் மறுபடி பார்க்கப்படும் என்று எழுதிக் கொடுங்கள்.

ஒன்பதாவது: வண்டி ஒதுக்குவதும் தகவல் சொல்வதும்

வண்டி பில்லானதும் வரிசையில் முதல் ஆளைக் கூப்பிட்டு சேஸிஸ் நம்பரைச் சொல்லி ஒதுக்குங்கள். பணம் அல்லது வங்கியின் டிஓ (வண்டியைக் கொடுக்கச் சொல்லும் டெலிவரி ஆர்டர்) வர 7 நாள் கெடு. வராவிட்டால் வண்டி அடுத்தவருக்கு, இவருக்கு அடுத்த வண்டி. இந்த விதியில் சிபாரிசுக்கு இடம் கொடுத்தால் எல்லாம் கெடும். முக்கியப் புள்ளி ஒருவருக்காக வரிசையை மாற்றினால், பின்னால் தள்ளப்பட்டவர் எப்படியும் தெரிந்துகொள்வார். அவசரத் தேவைக்கு மாற்றியே ஆக வேண்டும் என்றால், முன்னால் இருப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்த பிறகே மாற்றுங்கள்.

வாரம் ஒரு தகவல். வண்டி வராத வாரத்திலும் கூப்பிட வேண்டும்:

"அண்ணே, இந்த வார பில்லிங்ல நம்ம கலர் வரலண்ணே. உங்களுக்கு முன்னாடி 6 பேர் இருக்காங்க. அடுத்த அலாட்மென்ட் 5-ம் தேதி தெரியும், 6-ம் தேதி நானே கூப்பிடுறேன்."

எத்தனை பேர் முன்னால், அடுத்து எப்போது தெரியும், யார் கூப்பிடுவார், மூன்றும் அதில் இருக்கின்றன. 6-ம் தேதி அந்த அழைப்பு போகாவிட்டால் முந்தைய வாரங்களில் கூப்பிட்டதெல்லாம் வீண்.

பத்தாவது: டெலிவரிக்கு முந்தைய நாள்

பிடிஐயில் லாரிப் பயணத்துக்காகக் கழற்றிய ஃப்யூஸ் அல்லது டிரான்ஸ்போர்ட் மோடு சரிசெய்ததா என்று முதலில் பாருங்கள், ரிமோட்டும் ஸ்டீரியோவும் வேலை செய்யவில்லை என்று வரும் புகாருக்கு இது ஒரு காரணம். டயர் காற்று பயணத்துக்காக அதிகம் அடித்திருப்பார்கள், கதவு ஓர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் குறையுங்கள். ஸ்பேர் வீலையும் மறக்க வேண்டாம். ஓடோமீட்டர் அளவை வாடிக்கையாளருக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள்.

தாள்கள்: இன்வாய்ஸ், படிவம் 20 (பதிவு விண்ணப்பம்), 21, 22 (கம்பெனி தரும் தகுதிச் சான்று), சேஸிஸ் பென்சில் பிரிண்ட் (சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவு), இன்சூரன்ஸ், உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், ஃபாஸ்டேக். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்குக் கட்டாயம். அதை வெளியில் வாங்குவது வாடிக்கையாளர் உரிமை, வெளியில் வாங்கினார் என்பதற்காக டெலிவரியைத் தாமதப்படுத்தக் கூடாது. பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை ஆதாரோடு ஒருமுறை சத்தமாகப் படித்து ஒப்பிடுங்கள். ஆர்சியில் இனிஷியல் தவறினால் திருத்த அலைவது வாடிக்கையாளர்தான்.

சாவி கொடுத்த அன்று மாலைக்குள் ஷீட்டில் அந்த வரியை மூடுங்கள். புக்கிங் தேதி, சொன்ன காலம், உண்மையில் ஆன நாள் மூன்றையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் புதிதாக வருபவரிடம் காலம் சொல்லும் முன் இந்த மூன்று எண்களைப் பாருங்கள். பிறகு கீழே உள்ளவர்களின் வரிசை எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்து, இப்போது முதல் இடத்துக்கு வந்தவருக்குப் போன் போடுங்கள்.